ஒற்றைப்படை மணிக்கு வாசிக்கும் பட்டியல்: ஜாஸ் ரேடியோ யாருக்காக?

#1 · ஆற்றுமுகம் · நியூ ஆர்லியன்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். போன இழையில் 'நல்ல ஜாஸ் ரேடியோ எது' என்று பேச்சு வந்தபோது பலரும் ரெக்கார்டுகளை வைத்தே மார்க் போட்டீர்கள். எந்த நிலையம் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனை அதிகம் போடுகிறது, எது அபூர்வமான பதிவுகளை வைத்திருக்கிறது என்று. படித்ததிலிருந்து மனசு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் தனி இழை.

ஒரு ஊரின் ஜாஸ் ரேடியோவை நான் வேறு ஒன்றை வைத்துத்தான் எடைபோடுவேன். இன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு எந்தத் தெருவில் யார் வாசிக்கிறார்கள் என்று அது எனக்குச் சொல்கிறதா?

இங்கே 90.7-இல் டபிள்யூடபிள்யூஓஸீ. ஊர்க்காரர்களுக்கு வெறும் ஓஸீ. ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை மணி அடித்ததும் 'லைவ்வயர்' என்ற பட்டியலை வாசிப்பார்கள். அன்றைக்கு ஊரில் நடக்கும் கச்சேரிகள். ஃப்ரெஞ்ச்மென் தெருவின் ஸ்னக் ஹார்பர், ஓக் தெருவின் மேப்பிள் லீஃப் போன்ற பேர்போன இடங்களோடு, சந்துமுனை பார் ஒன்றின் பெயரும் அதே குரலில், அதே மரியாதையோடு வரும். வாசிப்பவர் அந்த வேலைக்குச் சம்பளம் வாங்காத தொண்டர். என்ன ரெக்கார்டு போடுவது என்பதையும் அவரேதான் முடிவு செய்கிறார்.

நான் இங்கே வந்த முதல் வருஷம். ஆஸ்பத்திரி லேபில் வேலை, ஊரில் ஒருவரையும் தெரியாது. ஒருநாள் வேலை முடிந்து கிளெய்போர்ன் அவென்யூ சிக்னலில் கார் நிற்கிறது, ஐந்து மணிப் பட்டியல் ஓடுகிறது. காலையில் அதே ரேடியோவில் கேட்டுப் பிடித்துப்போன ஒரு ட்ரம்ஸ்காரரின் பெயர் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியில்தான் இடம். போனேன். கேட்க மொத்தம் ஒன்பது பேர் இருந்தோம். டிக்கெட் கிடையாது, கவர் சார்ஜ் கிடையாது. பாட்டு நடுவே பாடகி ஒரு பிளாஸ்டிக் வாளியோடு சுற்றி வந்தார். கடைசியில் அந்த ட்ரம்ஸ்காரர் வாளியை ஸ்னேர் ட்ரம்மின் மேல் கவிழ்த்து, கசங்கிய ஒரு டாலர் தாள்களை நீவி நீவி நாலு கட்டாகப் பிரித்தார். ஒவ்வொரு தாளை வைக்கும்போதும் அடித்தோலில் இழுத்துக் கட்டிய கம்பிகள் மெதுவாகச் சிலிர்த்தன. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"காலையில் உங்கள் ரெக்கார்டு ரேடியோவில் வந்ததே, அதற்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டேன். விவரம் தெரியாமல் கேட்டதுதான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒன்றுமில்லை என்று கையை விரித்தார்.

பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் ரேடியோ ஒரு பாட்டை ஒலிபரப்பினால், எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் உரிமைத்தொகை வசூலிக்கும் ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற அமைப்புகள் வழியாகப் பணம் போகும். வாசித்தவருக்கும் பாடியவருக்கும் சட்டப்படி ஒரு காசு கிடையாது. இணையத்தில் ஓடினால் மட்டும் வாசித்தவருக்கும் ஏதோ உண்டு. ஜாஸில் பாதி பேர் வாசிப்பது பழைய மெட்டுகளை. அப்படியென்றால் வானலையில் வரும் அந்தப் பணம் எப்போதோ எழுதியவரின் குடும்பத்துக்குப் போகிறது, நேற்று ராத்திரி வியர்வை சொட்ட வாசித்தவருக்கு இல்லை. நாம் கேட்பது ஓசி. அவருக்கு அந்த ரேடியோ செய்யக்கூடிய ஒரே கைம்மாறு, அந்த ஒன்பது பேரைப் பத்தொன்பது ஆக்குவது.

அதனால்தான் சொல்கிறேன், பட்டியல் வாசிக்கிற அந்த சில நிமிஷம்தான் ஜாஸ் ரேடியோவின் உயிர்நாடி. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

#2 · தேய்ந்ததட்டு · சிகாகோ

மாற்றுக் கருத்து இருக்கிறது சகோதரி. கொஞ்சம் அழுத்தமாகவே இருக்கிறது.

நான் இந்த இசையோடு பிறந்து வளர்ந்தவன் இல்லை. நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தது ரேடியோதான். ராத்திரி ஷிப்டில் ஒரு அறிவிப்பாளர் சாக்ஸ் கலைஞர் லெஸ்டர் யங்கைப் போட்டுவிட்டு, அதே பாட்டை இருபது வருஷம் கழித்து இன்னொருவர் எப்படி வாசித்தார் என்று அடுத்ததாகப் போடுவார். என் காது திறந்தது அப்படித்தான். அந்த அறிவிப்பாளரை ஒரு கச்சேரி நோட்டீஸ் ஒட்டுபவராக மாற்றச் சொல்கிறீர்களே?

ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பாட்டு போடலாம், அவ்வளவுதான். அதில் 'நம்ம ஊர் பையன்' என்பதற்காக மூன்றைக் கொடுத்தால் எலிங்டனுக்கும் மங்க்குக்கும் மேரி லூ வில்லியம்ஸுக்கும் மூன்று இடம் குறையும். உள்ளூர் என்பது ஒரு விலாசம். அதை எப்படித் தகுதியாக எடுத்துக்கொள்வது? கச்சேரிப் பட்டியல் வேண்டுமென்றால் கையில் ஃபோன் இருக்கிறது.

மனதில் பட்டதைச் சொன்னேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

#3 · ஸ்கார்பரோ அம்மா · டொராண்டோ

பிள்ளை ஆற்றுமுகம், அந்த ஸ்னேர் டிரம் கதை வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் அப்பிடியே இருந்திட்டன். என்ர மகன் பேஸ் வாசிக்கிறவன். டபுள் பேஸ். அவன் அதைத் தூக்கிக்கொண்டு பனிக்குள்ள பஸ் ஏறுறதைப் பார்த்த தாய் நான். அதனால எனக்கு இந்த விசயத்தில நடுநிலை எண்டு ஒண்டும் இல்லை, முதலே சொல்லிப்போட்டன்.

தட்டு அண்ணை, உள்ளூர் ஆக்களுக்கு இடம் குடுத்தால் தரம் குறையும் எண்டு சொல்லுறியள். கனடாவில அதைச் சட்டமாகவே வைச்சிருக்கினம். ஜாஸ், புளூஸ் போடுற வானொலிக்கு முதல் பத்து வீதம் கனடியப் பாட்டு போட வேணும் எண்டு இருந்தது, 2006-இல ஒலிபரப்பைக் கவனிக்கிற ஆணையம் சிஆர்டிசி அதை இருபது வீதமாக்கினது. அதுக்காக எங்கட ஜாஸ் எஃப்எம் 91-ஐ ஆரும் தரம் குறைஞ்சது எண்டு சொல்லக் கேக்கேல்லை. பியானோ மேதை ஆஸ்கார் பீட்டர்சனும் கனடியர்தானே!

ஆனா பிள்ளைக்கும் ஒண்டு சொல்ல வேணும். வானொலி இருந்தால் மண்டபம் எல்லாம் நிரம்பும் எண்டில்லை. இந்த வானொலி 1949-இல றையர்சன் கல்லூரியில சிஜேஆர்டி எண்டு தொடங்கினது. 2001-இல முழுக்க ஜாஸுக்கு மாறினது. ஊருக்கு ஒரு முழுநேர ஜாஸ் வானொலி வந்திட்டுது எண்டு எல்லாருக்கும் சந்தோசம். ஆனா 2005-இல டாப் ஓ த செனட்டர் பூட்டினாங்கள், அடுத்த வருசம் மொன்றியல் பிஸ்ட்ரோவும் பூட்டினாங்கள். ஊரிலேயே பெரிய பேர் எடுத்த இரண்டு ஜாஸ் இடம். வாடகையும் சாப்பாட்டுக்கடைக் கணக்கும் வானொலி சொல்லிக் கேக்குமோ?

குயின் தெருவில ரெக்ஸ் நிக்குது. மேல தங்குமிடம், கீழ பார். அறை வாடகை வாற இடம் எண்டபடியால்தான் கீழ ஒவ்வொரு நாளும் கச்சேரி வைக்க ஏலுது எண்டு நான் நினைக்கிறன். என்ர மகன் முதல் முதல் ஆக்களுக்கு முன்னால நிண்டு வாசிச்சது அங்கதான். பின்னால சுவரோட சாய்ஞ்சு கொண்டு நிண்டு பார்த்தன். அவன் என்னைப் பார்க்கேல்லை, கண்ணை மூடிக்கொண்டு வாசிச்சவன்.

#4 · ஆற்றுமுகம் · நியூ ஆர்லியன்ஸ்

அக்கா, நீங்கள் சொன்னது சரி, ரேடியோ வாடகை கட்டாது. 'உயிர்நாடி' என்று நான் எழுதியதைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன். ஆனால் தட்டு சாருக்கு ஒரு பதில் இருக்கிறது, அதற்கு ஓஸீ பிறந்த கதையைச் சொல்ல வேண்டும்.

டெக்ஸஸிலிருந்து வந்த ப்ராக் சகோதரர்கள் இரண்டு பேர் தொடங்கிய நிலையம் இது. 1980 டிசம்பர் 4-இல் வானலைக்கு வந்தது. சீக்கிரமே டிப்பிட்டினாஸ் என்ற கச்சேரிக் கூடத்தின் மாடியறைக்குக் குடிபோனார்கள். நேப்போலியன் அவென்யூவும் சாப்பிடூலஸ் தெருவும் சேரும் முனை. பியானோ கலைஞர் ப்ரொஃபெஸர் லாங்ஹேருக்கு வயதான காலத்தில் வாசிக்க ஒரு இடம் வேண்டும் என்று ரசிகர்கள் 1977-இல் திறந்த கூடம் அது. கீழே கச்சேரி நடக்கும்போது, மாடித் தரையில் போட்ட ஓட்டை வழியாக ஒரு மைக்கை இறக்கி அப்படியே ஒலிபரப்புவார்களாம்.

அந்த ஓட்டையை யோசித்துப் பாருங்கள் சார். மேலே ரெக்கார்டு சுழலும் அறை, கீழே வியர்க்கும் மனிதர்கள், நடுவே ஒரு கயிறும் மைக்கும். நீங்கள் பிரித்துப் பார்க்கிற இரண்டும் அங்கே ஒரே கட்டடம்.

இன்னொருவரைச் சொல்கிறேன், எர்னி கே-டோ. 1961-இல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்த பாட்டைப் பாடியவர். அதற்கப்புறம் எல்லாம் சறுக்கி, குடியில் விழுந்து, ஊரே மறந்துபோன ஆள். 1980-களில் அவருக்கு இந்த நிலையம் ஒரு நிகழ்ச்சி கொடுத்தது. அவர் வாய்க்கு வந்ததைப் பேசுவார், கத்துவார், தன் பாட்டையே திரும்பத் திரும்பப் போடுவார். எந்த ஆலோசகரும் ஒப்புக்கொள்ளாத நிகழ்ச்சி. ஆனால் ஊர் அவரை மறுபடி கண்டுகொண்டது. 1990-களில் மனைவி அன்டாய்னெட்டோடு சேர்ந்து கிளெய்போர்னில் தன் பாட்டின் பெயரிலேயே 'மதர்-இன்-லா லவுஞ்ச்' திறந்தார். ஆம், மாமியார் பார்! 2001-இல் அவர் போய்விட்டார், 2009-இல் அந்த அம்மாவும். இப்போது ட்ரம்பெட் வாசிக்கும் கெர்மிட் ரஃபின்ஸ் அதை நடத்துகிறார். ஒரு ரேடியோ நிகழ்ச்சி ஒரு மனிதரை எழுப்பி உட்கார வைத்தது, அவர் திறந்த கதவு இன்றைக்கும் திறந்திருக்கிறது.

கோல்ட்ரேனும் 1940-களின் கடைசியில் ஃபிலடெல்ஃபியா பார்களில் வாசித்த உள்ளூர்ப் பையன்தானே சார்.

#5 · தூறல் · டக்கோமா

ரொம்ப நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இந்த இழைக்காக எழுதுகிறேன்.

எங்கள் 88.5 நிலையம் விலை போக இருந்த கதை தெரிந்தவர்கள் இருப்பீர்கள். அப்போது பெயர் கேபிஎல்யூ, ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் சொத்து. 2015 நவம்பரில் சியாட்டிலின் இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு விற்கப்போவதாக அறிவித்தார்கள். விற்றிருந்தால் ஜாஸ் அங்கேயே முடிந்திருக்கும் என்று எல்லோரும் பயந்தோம். கேட்பவர்கள் கொதித்துப்போய், நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று கிளம்பினார்கள். 70 லட்சம் டாலர் வேண்டும், சில மாதம்தான் கெடு. கெடுவுக்கு முன்பே சேர்ந்தது. 2016 ஆகஸ்ட் கடைசியில் கேஎன்கேஎக்ஸ் என்று புதுப் பெயர். வேகமாகச் சொன்னால் 'கனெக்ட்ஸ்' என்று கேட்கும், வேண்டுமென்றே வைத்தது.

நானும் அப்போது 50 டாலர் அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று இன்று யோசித்துப் பார்க்கிறேன். தட்டு அண்ணா சொல்கிற ரெக்கார்டுகள் எல்லாம் என்னிடமே ஃபோனில் இருக்கின்றன. நான் பணம் அனுப்பியது 'ஸ்கூல் ஆஃப் ஜாஸ்' என்று அவர்கள் நடத்தியதற்காக. பள்ளிக்கூட ஜாஸ் குழுக்களோடு தேர்ந்த கலைஞர்களைச் சேர்த்துவிட்டு, பிள்ளைகள் வாசிப்பதைப் பதிவுசெய்து ரெக்கார்டாக வெளியிட்டு ரேடியோவிலும் போடுவார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ட்ராம்போன் வாசித்தாள். அவள் வாசித்தது வந்த அன்று அவள் அம்மா சமையலறையில் கரண்டியோடு அப்படியே நின்றதை நான் பார்த்தேன். அந்த மூன்று நிமிஷத்தை எந்த ஆப்பும் தராது.

ஒரு கவலையும் இருக்கிறது. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஏற்கெனவே ஒதுக்கிய 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுத்த பொது ஒலிபரப்புக் கழகமும் மூடப்படும் என்று உடனே அறிவித்துவிட்டார்கள். இனி நிலையங்கள் இன்னும் அதிகமாகக் கேட்பவர்களை நம்பித்தான் நிற்க வேண்டும். உலகத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் கேட்கக்கூடிய ரெக்கார்டுக்காக ஒருவர் தன் ஊர் நிலையத்துக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? அந்த ஊரில் மட்டும் கிடைப்பதற்குத்தான் கொடுப்பார்.

#6 · தேய்ந்ததட்டு · சிகாகோ

மூன்று நாளாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

வான் ஃப்ரீமன் என்று ஒரு டெனர் சாக்ஸ்காரர். 1923-இல் சிகாகோவில் பிறந்தவர். மற்றவர்கள் எல்லாம் நியூயார்க் போனபோது இவர் இங்கேயே இருந்துவிட்டார். தன் பெயரில் முதல் ரெக்கார்டு வந்தது 1972-இல், ஐம்பதை நெருங்கும் வயதில். அதற்கு முன் இருபது, முப்பது வருஷம் அவர் வாசித்ததெல்லாம் அன்றன்றைக்கு அங்கங்கே இருந்தவர்கள் காதோடு போயிற்று. என்னைப் போல ரெக்கார்டை வைத்து ஜாஸை அளக்கிறவனுக்கு, 1972 வரை அப்படி ஒருவர் குழுத் தலைவராக இருந்ததே தெரியாது. என் வாதத்தில் இருக்கும் ஓட்டை இதுதான். உங்கள் டிப்பிட்டினாஸ் ஓட்டையைப் படித்த ராத்திரிதான் எனக்கு இது உறைத்தது.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். கிழக்கு 75-ஆவது தெருவில் நியூ அபார்ட்மென்ட் லவுஞ்சில் செவ்வாய்க்கிழமைதோறும் அவர் ஜாம், அதாவது வந்தவர்களும் மேடையேறிச் சேர்ந்து வாசிக்கும் கச்சேரி, நடத்தினார். வருஷக்கணக்காக. சின்னப் பையன்களை மேடையேற்றி, கூடவே நின்று வாசித்து வளர்த்தார். 2012-இல் அமெரிக்க அரசின் ஜாஸ் மாஸ்டர் விருது, அதே வருஷம் ஆகஸ்டில் இறந்தார். நான் இந்த ஊருக்கு வந்தது 2007. ஐந்து வருஷம், இருநூற்றுக்கும் மேல் செவ்வாய்க்கிழமைகள். வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். அவர் பெயரை நான் முதலில் கவனித்ததே இரங்கல் செய்தியில்.

நான் அப்போது ரேடியோ கேட்காத நாளே கிடையாது. கேட்ட நிகழ்ச்சிகளில் யாரும் 'இன்று செவ்வாய், 75-ஆவது தெருவுக்குப் போங்கள்' என்று சொன்னதாக நினைவில்லை. சொல்லி, நான் காதில் வாங்காமல் விட்டிருக்கலாம். அப்படியென்றால் அது இன்னும் மோசம்.

ஃபோனில் பட்டியல் இருக்கிறதே என்று எழுதினேன். தேடுகிறவனுக்குத்தான் ஃபோன் சொல்லும். தேடவே தோன்றாத எனக்கு, லெஸ்டர் யங்குக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் ஒரு குரல் சொல்லியிருந்தால்தான் உண்டு.

ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் போடுவது கலைஞர்களுக்கே நல்லதில்லை. அறிவிப்பாளருக்குக் காது வேண்டும். போன வாரம் நான் போயிருந்தேன், பியானோ பிரமாதம் என்று சொல்கிற ஆள் வேண்டும்.

#7 · ஸ்கார்பரோ அம்மா · டொராண்டோ

அண்ணை, இருநூறு செவ்வாய்க்கிழமை எண்டதை வாசிக்க நெஞ்சு கனத்துது.

நீங்கள் கடைசியாச் சொன்னதில நானும் உங்கட பக்கம். போய்ப் பார்த்த ஆள் சொல்ல வேணும். என்ர மகனின்ட பேரை ஒருக்கால் ஒரு உள்ளூர் நிகழ்ச்சியில பிழையாச் சொல்லிப்போட்டினம், வாத்தியத்தையும் மாத்திச் சொன்னவை. தாளைப் பார்த்து வாசிச்ச ஆள், ஒருநாளும் வந்து கேட்டிருக்க மாட்டார். அண்டைக்கு அவன் சாப்பிடேல்லை. பட்டியலில பேர் வந்தாக் காணாது, அந்தப் பேருக்குப் பின்னால ஆர் நிக்கினம் எண்டு தெரிஞ்ச வாயால வர வேணும்.

#8 · ஆற்றுமுகம் · நியூ ஆர்லியன்ஸ்

அக்கா, அதனால்தான் இங்கே தொண்டர்கள் வாசிக்கும்போது எனக்கு நம்பிக்கை வருகிறது. பலர் கச்சேரிகளில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் முகங்கள். ஞாயிற்றுக்கிழமை, பித்தளை வாத்தியக் குழுவின் பின்னால் ஊரே ஆடிக்கொண்டு போகும் செகண்ட் லைன் ஊர்வலம் எந்தத் தெருவில் கிளம்பி எங்கே நின்று போகும் என்று அவர்கள் சொல்லும்போது, வெறும் தகவலாகக் கேட்காது. தாங்களும் வருகிறோம் என்பது குரலில் தெரியும்.

2005-இல் கத்ரீனா புயல் அடித்தபோது நான் இங்கே இல்லை. ஊரே காலியாகி, கலைஞர்கள் எந்தெந்த மாநிலத்திலோ சிதறிக் கிடந்த அந்த நாள்களில், நியூஜெர்சியின் டபிள்யூஎஃப்எம்யூ என்ற நிலையம் கைகொடுக்க, ஓஸீ இணையத்தில் ஓடியது. கேட்க ஊரில் ஆளில்லாத ஊர் ரேடியோ. ஆனால் ஹூஸ்டனிலும் அட்லாண்டாவிலும் முகாமிட்டிருந்தவர்கள் அதைக் கேட்டே ஊரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று என்னோடு வேலை பார்க்கும் அம்மா சொல்லுவார். அவர் மாதக்கணக்கில் ஹூஸ்டனில் இருந்தவர்.

நான் கண்ணால் கண்டது 2020. ஏப்ரல் 1-ஆம் தேதி பியானோ கலைஞர் எல்லிஸ் மார்சாலிஸ் கொரோனாவில் போனார். வருஷக்கணக்காக ஸ்னக் ஹார்பரில் வெள்ளிக்கிழமை என்றால் அவர்தான். நான் லேபில் ராத்திரி பகலாக மாதிரிகள் பார்த்துக்கொண்டிருந்தேன், சாலையில் ஒரு சத்தம் இல்லை. ஊரின் வருடாந்தர இசைவிழாவான ஜாஸ் ஃபெஸ்ட் நடக்கவிருந்த நாள்கள் வந்தன. அந்த நாள்களில் அதே பகல் நேரத்துக்கு, பழைய விழாக்களின் பதிவுகளை ஓஸீ வரிசையாக ஒலிபரப்பியது. எங்கள் தெருவில் மூன்று வீட்டுத் திண்ணைகளில் ஒரே நேரத்தில் ஒரே பதிவு. எதிர்வீட்டுத் தாத்தா நாற்காலியைத் திண்ணை விளிம்புக்கு இழுத்துப் போட்டுக் காலால் தாளம் போட்டார். நான் ஷிப்ட் முடிந்து கார்க் கதவைத் திறந்து வைத்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம் தட்டு சாரின் ரெக்கார்டுகள்தான் எங்களைக் காப்பாற்றின. அதையும் சொல்ல வேண்டும்.

#9 · தேய்ந்ததட்டு · சிகாகோ

சகோதரி, மனசுக்கு இதமாக இருக்கிறது. இங்கே எனக்குப் பிடித்த ஒரு வார இறுதி நிகழ்ச்சிக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிஷம் ஊர்க் கச்சேரிகளுக்கு ஒதுக்குங்கள் என்று. பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.

வேலை விஷயமாக அடுத்த மாதம் உங்கள் ஊரில் மூன்று நாள் இருப்பேன். எங்கே போக வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதித் தர முடியுமா?

#10 · ஆற்றுமுகம் · நியூ ஆர்லியன்ஸ்

எழுதித் தர மாட்டேன் சார். விமான நிலையத்தில் கார் எடுத்ததும் 90.7 வையுங்கள். ஐந்து மணிப் பட்டியலைக் கேட்டுவிட்டு எங்கே போகலாம் என்று நீங்கள் எனக்குச் சொல்லுங்கள், நான் வேலை முடிந்து நேரே வந்துவிடுகிறேன். வரும்போது இருபது டாலர் தாள்களை ஐந்தாகவும் ஒன்றாகவும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செட்டுக்கும் வாளி வரும்.